மேற்கே ஒரு மரவள்ளிக் கொல்லை

என் சித்தப்பாவுக்கு அமெரிக்காவைப் பற்றி எல்லாம் தெரியும். மரவள்ளிக் குச்சியில் எந்த முனை மண்ணுக்குள் போக வேண்டும், எந்த முனை வெளியே நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில், ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டமே கிழங்கு தின்று உயிர் பிடித்துக்கொண்டிருந்தபோது, இப்படி ஓர் ஆள் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை என் அம்மாவிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அம்மா இப்போது இல்லை. அதனால் நான் சொல்கிறேன். பாக்கார் ஆராங்கில் மகன் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் சுகமாக உட்கார்ந்து நினைத்தாலும் அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதில் பாதி என் மேலேயே என்பதால் கூட இருக்கலாம்.

எங்கள் தோட்டம் மலாய் நாட்டில் சுங்கைப் பட்டாணிக்கும் மெர்போக்குக்கும் நடுவில் இருந்தது. அப்பா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். அவருடைய தம்பியை மட்டும் எப்படியோ பட்டணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து இங்கிலீஷ் படிக்கப் போன முதல் ஆள் அவர். கடைசி வகுப்பை முடிப்பதற்குள் ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடம் மூடியது. அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்கப் பாதிரியார் அவசர அவசரமாகக் கப்பலேறினார். போகும்போது தன் நல்ல மாணவனுக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மூட்டை அரிசி கொடுத்திருக்கலாம் என்பாள் அம்மா.

அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய பிறகு முதல் அறுபது எழுபது வருஷத்தில் எப்படி வளர்ந்தது, யார் யாரோடு சண்டை போட்டது, தன்னை எப்படித் திருத்திக்கொள்ளப் பார்த்தது என்பதுதான் அந்தப் புத்தகம். அட்டையில் கழுகும் கொடியும் இருந்தன. எதிரி நாட்டுக் கொடி. சோதனைக்கு வருகிறவன் கண்ணில் பட்டால் வீட்டில் ஒருவர் விடாமல் இழுத்துப் போவார்கள். அப்பா அதை அடுப்பில் போடச் சொன்னார். சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். சாப்பிடப் பெரிதாக எதுவும் இல்லாததால் அது யாருக்கும் உறைக்கவில்லை. கடைசியில் அம்மாதான் அட்டையைக் கிழித்து எரித்துவிட்டு, உதிர்ந்த தாள்களை அடுக்கி, கோணியூசியால் தைத்து, தலையணைக்குள் வைத்து மூடினாள்.

"இனிமே இது தலையணை. யாரு கேட்டாலும் தலையணைதான்" என்றாள்.

ஆனாலும் சாயங்காலம் ஆனால் தலையணையின் தையல் பிரிந்துவிடும். அம்மாவும் நானும் மரவள்ளியைத் தோல் சீவித் துருவிக்கொண்டிருப்போம். என் தம்பி, கைக்குழந்தை, தூளியில் கிடப்பான். அப்பா வாசலில் உட்கார்ந்து கால் புண்ணுக்கு வேப்பிலை வைத்துக் கட்டிக்கொண்டிருப்பார். சித்தப்பா துருவ வர மாட்டார், விரல் போய்விடுமாம். ஒரு பக்கத்தை இங்கிலீஷில் மனதுக்குள் படித்து, பிறகு அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்வார். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் சொல்வார். முன்னால் தாண்டிப் போய்ப் பார்ப்பது சரித்திரத்துக்குச் செய்கிற துரோகம் என்பது அவருடைய கட்சி.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஒரு பெரிய நிலப்பரப்பை வாங்கி, ஒரே கையெழுத்தில் நாட்டை இரண்டு மடங்காக்கிக்கொண்ட கதையை அவர் சொன்னபோது அம்மா துருவுவதை நிறுத்தினாள்.

"அங்க இருந்த ஜனங்கள கேட்டாங்களா?"

"அண்ணி, இது ரெண்டு தேசத்துக்கு நடுவுல நடக்குற விஷயம்."

"அதான் கேக்குறேன். கேட்டாங்களா?"

சித்தப்பா பக்கத்தைத் திருப்பினார். கொஞ்ச நாளில் எங்களுக்கே அது நடந்தது. எங்கள் கெடா மாநிலத்தை ஜப்பான்காரன் பக்கத்து நாடான சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்று ஒரு நாள் காலையில் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் இடத்தில், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வாசித்தார். இரவு கெடாவில் படுத்தவர்கள் காலையில் சயாமில் எழுந்தோம். புண்ணும் பசியும் அதே இடத்தில்தான் இருந்தன. சித்தப்பாவுக்கோ ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா அண்ணி, புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே நடக்குது" என்றார். அம்மா கையிலிருந்த கிழங்கை அவர் மேல் எறியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அது கிழங்கு என்பதுதான்.

எங்களை ஆண்ட அதே வெள்ளைக்காரன் கப்பலில் போய் அமெரிக்கர்களுடைய தலைவர் குடியிருந்த மாளிகைக்கே தீ வைத்த கதை அப்பாவுக்குப் பிடித்திருந்தது. "அவனுங்களுக்கும் நம்ம துரைதானா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் அதைத் திரும்பக் கட்டினார்களா என்று அக்கறையாக விசாரித்தார். எனக்குப் பிடித்தது மாட்டுவண்டிக் கதைகள். குடும்பம் குடும்பமாக, சட்டி பானையோடு, கூண்டு வண்டி கட்டி மேற்கே போனார்களாம். போய் மரத்தை வெட்டி, வேலி போட்டு, யார் உட்கார்ந்தார்களோ அவர்களுக்கு நிலம் சொந்தமாம். சித்தப்பா 'மேற்கு' என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

அப்போது தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் கொடுத்துக் கிழங்கு போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் துண்டில் நடுகிற வேலையைச் சித்தப்பாவிடம் விட்டதுதான் அப்பா செய்த தப்பு. பாதிக் குச்சிகளைத் தலைகீழாக நட்டிருந்தார். முளைத்தவையும் விரல் பருமனுக்கு மேல் இறங்கவில்லை. "மண்ணு சரியில்ல" என்றார் சித்தப்பா. "மேற்கே நல்ல மண்ணு இருக்கு."

மேற்கே இருந்தது அத்தையின் கொல்லை.

தோட்டத்தின் மேற்குக் கோடியில் பால்மரங்கள் முடிந்து தரை ஆற்றை நோக்கிச் சரியும். மெர்போக் ஆற்றில் அந்த இடம் வரைக்கும் கடல் தண்ணீர் வரும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நன்றாக ஏறும். அங்கே ஒரு மேட்டில் குடிசை போட்டு ஒரு பெண் தன் மகளோடு இருந்தாள். அவள் புருஷன் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர், அதாவது தண்ணீர் வடியக் கால்வாய் எடுக்கிறவர். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். வேலைக்கு ஆண் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் வீடு கிடையாது என்றார் கிராணி. அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. மேற்கே போய், புருஷன் செய்து பார்த்திருந்த வேலையைத் தானே செய்தாள். ஆற்றுப் பக்கம் மண்கரை எழுப்பினாள், உள்ளே கான் எடுத்தாள், மரவள்ளியும் சக்கரவள்ளியும் போட்டாள். ஒரு வருஷத்தில் தோட்டத்திலேயே கொழுத்த கிழங்கு அவள் கொல்லையில்தான் இருந்தது. எங்களுக்கு உறவில்லை, ஆனால் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவள் மகள் என் வயது. இரண்டு பேரும் அந்தக் கரையின் மேல்தான் ஓடி விளையாடுவோம். ஓடினால் மண் சரியும் என்று அத்தை திட்டுவாள்.

பெரட்டில் கிராணி இன்னோர் அறிவிப்பு வாசித்தார். கிழங்குக் கொல்லைகளை எல்லாம் ஆபீசில் பதிய வேண்டும். பதியாததைத் தோட்டம் எடுத்துக்கொள்ளும். ஆள் பட்டியலில் ஆண் பெயர் இருக்கிற குடும்பம்தான் பதியலாம்.

அன்று சாயங்காலம் சித்தப்பா புத்தகத்தைத் திறக்கவில்லை. அப்பாவிடம் பேசினார்.

"அண்ணே, அந்த அக்கா கொல்லைய நம்ம பேருல பதிஞ்சிருவோம். இல்லாட்டி தோட்டம் எடுத்துக்கும், இல்ல வேற எவனாவது எடுத்துக்குவான். நம்ம பேருல இருந்தா அவங்களுக்கும் பாதுகாப்பு. அவங்க பாட்டுக்கு வேலை செய்யட்டும், வர்ற கெழங்குல ஆளுக்குப் பாதி."

"அவகிட்ட கேளுங்க தம்பி" என்றாள் அம்மா. "நேராப் போயி, இப்படி இப்படின்னு சொல்லிக் கேளுங்க."

"கேக்காம செய்வேனா அண்ணி?"

அவர் சொன்னது பொய் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவருக்கு அது முழு நம்பிக்கை. நேராகப் போய்ச் சொல்வது என்ற ஒன்று மட்டும் அவரால் ஆகாத காரியம். நேரில் பேச வேண்டிய எதையும் தாளில் எழுதினால்தான் அவருக்கு அது நடந்த மாதிரி இருக்கும்.

அவர் ஓர் உடன்படிக்கை எழுதினார். இங்கிலீஷில், அழகான எழுத்தில். இப்படிப்பட்ட காரியத்துக்கு என்ன முறை என்று புத்தகத்தில் இருந்ததாம். நிலத்தில் இருப்பவர்களுக்குக் கம்பளியும் உப்பும் பாசிமணியும் கொடுத்து, தாளில் அடையாளம் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பளிக்கு அப்பா மழையில் போர்த்திக்கொண்டு போகும் ஓட்டைக் கம்பளியை எடுத்தார். ஒரு கொட்டாங்கச்சி உப்பை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தார். பாசிமணிக்கு என் கழுத்தைப் பார்த்தார்.

நான் அழுதேன். எனக்கு இருந்த ஒரே நகை அது.

"பாப்பா, நீதான் தூதர்" என்றார் சித்தப்பா.

"அப்படின்னா?"

"ரெண்டு ராஜாக்களுக்கு நடுவுல பேசுறவங்க. அவங்க இல்லாம ஒரு காரியமும் நடக்காது."

அழுகை நின்றுவிட்டது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இவ்வளவு மலிவாக விலை போயிருக்க வேண்டாம்.

பால்மர வரிசை முடிகிற இடத்தில் சித்தப்பா நின்றுகொண்டார். கடைசியாக ஒரு தரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "என்ன கடுதாசின்னு கேட்டா, உப்பு வாங்கினதுக்கு ரேகைன்னு சொல்லு. மத்ததெல்லாம் நான் அப்புறமா விளக்கமாச் சொல்லிக்கிறேன்." அந்தத் தாளுக்குப் பிறகு கொல்லை எங்கள் பெயரில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வழியெல்லாம் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் ஒன்று தெரிவதற்கும் இன்னொன்று சொல்வதற்கும் நடுவில் ஏதோ இடிக்கிறது என்று ஒன்பது வயதில் எனக்குப் படவில்லை. தூதர்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

அத்தை முழங்கால் வரை சேற்றில் நின்று கரைக்கு மண் அப்பிக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோனதை எல்லாம் வரிசையாகக் கரையின் மேல் வைத்தேன். உப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. உப்பு அப்போது அவ்வளவு அருமை.

"ஒங்க அம்மா குடுத்துச்சா?"

நான் தலையாட்டினேன். இதைச் சித்தப்பா சொல்லிக்கொடுக்கவில்லை. நானே செய்தது.

"இது என்ன பாப்பா, கடுதாசி?"

"உப்பு வாங்கினதுக்கு ரேகை அத்தை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சித்தப்பா விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓர் இலையில் கொடுத்து விட்டிருந்தார். அதில் பெருவிரலை ஒற்றித் தாளில் பதித்தாள். அவள் மகள் அதற்குள் என் பாசிமணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆற்றுத் தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை எனக்கு இரண்டு சக்கரவள்ளி கொடுத்தனுப்பினாள்.

பத்து நாள் கழித்துக் கிராணி அளக்கிற சங்கிலியோடு வந்தார். அப்பாவும் சித்தப்பாவும் கூட வந்தார்கள். நானும் ஓடினேன். அளந்து முடித்ததும் கிராணி தாளைக் காட்டி, இந்தக் கொல்லை இன்னார் பெயரில் பதிவாகிவிட்டது, நீ போகலாம் என்றார்.

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. சித்தப்பாவுக்கும் விளங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"கிராணியாரே, அவங்க இங்கேயே இருக்கட்டும். நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றார் சித்தப்பா.

"நீ என்ன எழுதினா எனக்கென்ன? பட்டியல்ல பேரு இல்லாத ஆளு தோட்டத்துல இருக்கக் கூடாது. இருந்தா நாளைக்கு ஜப்பான்காரன் என்னை நிக்க வச்சு அறைவான்."

அத்தை சித்தப்பாவைப் பார்க்கவில்லை. என் அப்பாவைப் பார்த்தாள். "அண்ணே, கெழங்க மட்டுமாச்சும் புடுங்கிக்கிறேனே" என்றாள். அப்பா கிராணியைப் பார்த்தார். கிராணி, செடியை எண்ணியாகிவிட்டது, ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்றார். அப்பா தரையைப் பார்த்தார். அப்பா நல்ல மனுஷர். ஆனால் வீட்டில் நாங்கள் நான்கு பேரும் அவரும் ஒரு மாதமாக விரல் பருமன் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தோம்.

அவள் ஒரு மூட்டை கட்டினாள். அவளிடம் ஒரு கோழி இருந்தது. அதை மகள் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் தாங்கள் போட்ட கரையின் மேலேயே மெர்போக் பக்கமாக நடந்து போனார்கள். அவள் மகள் என் பாசிமணியோடு போகிறாளே என்பதுதான் எனக்குக் கவலை. கேட்டு வாங்கலாம் என்று ஓரடி வைத்தேன். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார்.

வேலைக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டாள். சத்தம் போடவில்லை. "ரேகை எப்படி வச்சா?" என்று மட்டும் கேட்டாள். "சம்மதிச்சுத்தான் வச்சாங்க" என்றார் சித்தப்பா. அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் மூட்டினாள். அத்தையின் கிழங்கு மாவாக வெந்தது. தம்பி வயிறு நிறையத் தின்றுவிட்டு முதல் தடவையாக விடியும்வரை அழாமல் தூங்கினான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னுடைய பங்கைத் தொட்டாளா என்று எனக்கு ஞாபகமில்லை.

சித்தப்பா மீண்டும் புத்தகத்தைத் திறந்தார். இரண்டு சாயங்காலம் ஒழுங்காகச் சொன்னார். மூன்றாவது நாள் மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "இங்க கொஞ்சம் பக்கம் காணோம்" என்றார். பிறகு சில தாள்களைத் தாண்டித் திருப்பி, வேறு கதை சொல்ல ஆரம்பித்தார். அதெல்லாம் நல்லவர்களுடைய கதைகள். ஊர் ஊராகப் போய், இனிமேல் குடிப்பதில்லை என்று சனங்களிடம் சத்தியம் வாங்கினவர்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று போராடினவர்கள். எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கோயிலில் கூடிய பெண்கள். எஜமானிடமிருந்து தப்பி ஓடி வந்த அடிமைகளைத் தங்கள் வீட்டு நிலவறையில் மறைத்து வைத்து, சோறு போட்டு, அடுத்த ஊருக்கு அனுப்பி வைத்தவர்கள்.

கடைசிக் கதையை அம்மா இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"இவ்வளவு நல்லவங்களா? அப்ப அந்தக் காணாமப் போன பக்கத்துல என்ன பண்ணினாங்க?"

"காணோம்னு சொன்னேனே அண்ணி."

"தம்பி, அத தைச்சவ நான். ஒரு தாளு கொறையல."

சித்தப்பா புத்தகத்தைத் தலையணைக்குள் தள்ளிவிட்டு வெளியே போனார். அதன் பிறகு பல நாள் தையல் பிரியவில்லை.

அடுத்த பெரிய அமாவாசைக்குக் கரை உடைந்தது. அத்தை இருந்தவரை ஒவ்வொரு அமாவாசை பௌர்ணமிக்கும் முன்னால் போய் மண் அப்புவாள் என்று எங்களுக்குத் தெரியும். பார்த்திருக்கிறோம். ஆனால் அது ஒரு வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. நண்டுப் பொந்து ஒன்றில் ஆரம்பித்து, ஒரே தண்ணீர் ஏற்றத்தில் இரண்டு ஆள் அகலத்துக்குக் கரை போய்விட்டது. மூன்று நாள் உப்புத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பிடுங்கிய கிழங்கெல்லாம் கையில் கூழாக வந்தது. நாற்றம் லயம் வரைக்கும் அடித்தது.

அதே வாரத்தில், பதிந்த கொல்லைக்காரர்கள் எல்லாம் இத்தனை மூட்டை கிழங்கு ராணுவத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் பெயரில் இரண்டு கொல்லை இருந்தது. கொடுக்க ஒரு மூட்டை கூட இல்லை. பெரட்டில் எல்லார் முன்னாலும் ஜப்பான் அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தினான். சித்தப்பா முன்னால் வந்து, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லப் போனார் என்றுதான் நினைக்கிறேன். ஓரடி முன்னால் வைத்துவிட்டு வரிசைக்குள்ளேயே திரும்பிவிட்டார். அதிகாரி அப்பாவை இரண்டு கன்னத்திலும் அறைந்தான். பிறகு வெயிலில் ஒரு மரக்கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தான். மதியம்வரை நின்றார். அடுத்த அமாவாசைக்குள் மூட்டை வர வேண்டும், இல்லாவிட்டால் சயாம் ரயில்பாதைக்கு லாரி என்று கிராணி மொழிபெயர்த்தார்.

சித்தப்பா அப்பாவைத் தாங்கிக் கூட்டி வந்து பாயில் படுக்க வைத்தார். யாரும் கேட்காமலே தலையணையை எடுத்துப் பிரித்து, தாண்டிப் போன அந்தப் பக்கங்களைப் படித்துச் சொன்னார்.

அமெரிக்கர்கள் போன மேற்கு காலியாக இல்லையாம். செரோக்கி என்று ஒரு ஜனம் இருந்தது. காடு திருத்தி விவசாயம் செய்தார்கள். தங்கள் பாஷைக்கு எழுத்து உண்டாக்கிப் பத்திரிகைகூட நடத்தினார்கள். அவர்களில் சில பேரைப் பிடித்துத் தாளில் அடையாளம் வாங்கிக்கொண்டு, நிலத்தை எல்லாரும் கொடுத்துவிட்டதாக எழுதிவிட்டார்கள். நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் பட்டாளம் வந்தது. வீட்டை விட்டு இறக்கி, குளிரில், இன்னும் மேற்கே நடக்க வைத்தார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்துப்போனார்கள்.

சித்தப்பா அதைச் சொல்லும்போது அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அது ரொம்ப தூரத்து ஊர். அம்மாவும் அழவில்லை. "இது மொதல்லயே இருந்துச்சுன்னா, மொதல்லயே படிச்சிருக்கலாமே தம்பி" என்றாள். அதைவிட எரிச்சலாக அம்மா பேசி நான் கேட்டதில்லை. "வரிசையாப் படிக்கிறாராம், வரிசையா."

சித்தப்பாவைப் பற்றி மிச்சத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்ததும் அவர் வாத்தியாராகி, சரித்திரம் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றார். நல்ல வாத்தியார் என்று பெயர். எந்தப் பாடம் எடுத்தாலும் முதலில் புத்தகத்தின் கடைசிப் பக்கம்வரை பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னிடம் அந்தக் கொல்லையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஒருவரைப் பார்த்தால் ஒருவருக்கு அது ஞாபகம் வரும் என்பதாலேயே நாங்கள் விசேஷங்களில்கூடத் தள்ளித் தள்ளித்தான் உட்காருவோம்.

அந்தப் பக்கங்களைக் கேட்ட மறுநாள் காலையில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மெர்போக்குக்கு நடந்தாள். ஆற்றோரத்து மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மீனவர் வீட்டுக்குப் பின்னால், அத்தை கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கறுத்து, இளைத்துப் போயிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து பலகையைத் துடைத்துப் போட்டாள். அவள் மகள் மட்டும் என் பக்கம் வரவில்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"கரை ஒடஞ்சிருச்சும்மா" என்றாள் அம்மா. "அதுக்காகவுந்தான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு மட்டும் வரல. நீ எங்க வீட்டுக்கு வந்துரு. ஒரு ஓரமா இருந்துக்கலாம். கிராணி கேட்டா என் கூடப் பொறந்தவ, ஊருலேருந்து வந்திருக்கான்னு சொல்லிக்கிறேன். கண்டுபிடிச்சா என்னை அடிக்கட்டும்."

அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கரைய எப்படிக் கட்டுறதுன்னு சொல்றேன் அண்ணி. ஒடஞ்ச எடத்துல நேராக் கட்டாதீங்க, நிக்காது. உள்பக்கமா வளைச்சு ஆப்படிச்சு, ஆத்தோர நீப்பா மரத்து ஓலையப் பின்னிக் குடுத்து, அப்புறமா களிமண்ண அப்புங்க. மேட்டுப் பக்கம் நாலு வரிசை தப்பிச்சிருக்கும். அத மொதல்ல புடுங்கிக் குடுத்துருங்க. ஆனா நான் வரல."

"கோவமாம்மா?"

"கோவப்பட்டு என்ன செய்ய? இவங்க எனக்குக் கடுதாசி ஒண்ணும் நீட்டல. மீனு காயப்போட்டா சோறு போடுறாங்க." பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு அண்ணி. அவரு திரும்பி வந்தா அங்கதான் வந்து தேடுவாரு. நான் இங்க இருக்கேன்னு மட்டும் சொல்லி விட்டுருங்க."

சொல்கிறேன் என்றாள் அம்மா. அந்த வாக்கை நிறைவேற்ற அவளுக்குச் சந்தர்ப்பம் வரவே இல்லை. சயாமுக்குப் போன லாரியில் எங்கள் தோட்டத்திலிருந்து ஏறினவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர் அதில் இல்லை.

எழுந்திருக்கும்போது அம்மா அதைக் கேட்டுவிட்டாள். அத்தனை நாள் மனதில் வைத்துப் புழுங்கியிருக்க வேண்டும்.

"ஏம்மா ரேகை வச்ச? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஓடி வந்திருப்பேனே."

"பாப்பாதானே அண்ணி கொண்டாந்துச்சு" என்றாள் அத்தை. "நீங்க உப்பு குடுத்து விட்டதாச் சொன்னுச்சு. வேற யாரு வந்திருந்தாலும் வச்சிருக்க மாட்டேன். பாப்பா சொன்னுச்சு, வச்சேன்."

பெரியவர்கள் யாரும் அதுவரை என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு யார் வந்திருந்தாலும் நடந்திருக்காதாம். நான் போனதால்தான் நடந்ததாம். எனக்கு மனசு பூரித்துப் போய்விட்டது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

திரும்பி வரும் வழியில் அம்மா வேகமாக முன்னால் நடந்தாள். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வெயிலில் களைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அத்தை என்னைப் பற்றிச் சொன்னதை அம்மாவே அப்பாவிடம் சொல்வாளா, இல்லை நானே சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன்.